பன்னிரண்டாம் நிரை, பதின்மூன்றாம் நிரை

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் கல்லூரிக் கணினி அறையில் சாம்பிராணி மணக்கும். அறையைத் துப்புரவாக்கும் அம்மா காலையில் நாற்பது திரைகளையும் ஈரத்துணியால் ஒற்றியெடுப்பார். பிறகு சிரட்டைக் கரியில் ஒரு சிட்டிகை தூளைத் தூவி, மேசைகளுக்கு அடியில் சுருண்டு கிடக்கும் வயர்களுக்கெல்லாம் புகை காட்டிக்கொண்டு போவார். "வைரஸ் அண்டாது மிஸ்" என்பார். பகிடியா நம்பிக்கையா என்று அந்த முகத்தில் கண்டுபிடிக்க முடியாது. கொழும்பு வெள்ளவத்தையில், காலி நகருக்குப் போகும் காலி வீதிக்கும் ரயில் பாதைக்கும் நடுவே, நான்காவது மாடி. ரயில் போனால் யன்னல் கண்ணாடி பல்லை நறநறவென்று கடிக்கும். அந்தப் புகைக்குள் வந்து நின்றால் எனக்குப் பத்தொன்பது வயது. கையில் ஒரு மடித்த கடதாசி.

கொட்டாஞ்சேனையில் ஒரு கோயில். அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை. அப்பா அப்போது புறக்கோட்டையில் ஒரு புடைவைக்கடையில் பில் எழுதிக்கொண்டிருந்தார். எங்கள் இரண்டு பேரில் ஒருத்தியைத்தான் கணக்கியல் படிக்க அனுப்ப அவரால் முடியும். எனக்குப் பத்தொன்பது, தங்கச்சிக்குப் பதினேழு. இரண்டு பேருமே கேட்டோம். யாரை அனுப்புவது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எங்கள் ஆட்களிடம் இதற்கொரு வழி இருக்கிறது: திருவுளச் சீட்டு. கல்யாணமோ காணியோ வெளிநாடோ, மனிதர் தீர்மானிக்கப் பயப்படுவதை இரண்டு துண்டுக் கடதாசியில் எழுதி, மடித்து, சுவாமிக்கு முன்னால் போட்டுவிடுவார்கள். அப்பா பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து, ஒவ்வொரு துண்டிலும் ஒவ்வொரு பெயராக எழுதி, ஐயரின் தட்டில் விபூதிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"மூத்தவள் நீ. நீயே எடு பிள்ளை."

எடுத்தேன். விரித்தேன். தங்கச்சியின் பெயர். நான்தான் அதை உரத்து வாசித்தேன்.

நடந்தது இவ்வளவுதான். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அப்பா அவளைத் தேர்ந்திருந்தால் அப்பாவோடு கோபித்திருக்கலாம். அவள் தட்டிப் பறித்திருந்தால் அவளோடு கதைக்காமல் விட்டிருக்கலாம். எடுத்தது என் கை. முப்பத்து மூன்று வருடமாக அந்தக் கையால்தான் சோறு தின்கிறேன்.

பிறகு நானும் பல்கலைக்கழகம் போனேன்; அரசாங்கப் படிப்பு, காசு தேவையில்லை. பொருளியல் படித்தேன். ஒன்றும் குறைந்துபோகவில்லை என்று சொல்லலாம், சொல்லித்தான் வருகிறேன். இன்று இந்தத் தனியார் கல்லூரியில் மணித்தியாலக் கணக்கில் படிப்பிக்கிறேன். கொட்டாஞ்சேனையில் மேல்மாடி வாடகை வீடு, யன்னல் நிறையத் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள். தங்கச்சி பட்டயக் கணக்காளர். என் கல்லூரியிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி, ஏழாவது மாடியில் அவளுடைய வீடு, யன்னல் நிறையக் கடல். என் யன்னலிலும் கடல்தான். ஆனால் என் கடலில் எந்நேரமும் யாரோ வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்; அவளுடைய கடல் சும்மா கிடக்கிறது.

இதைப் பொறாமை என்று சொல்லப் பயந்து, நெடுநாள் வேறு பெயர்கள் வைத்திருந்தேன். களைப்பு என்றேன், தலையிடி என்றேன், பஸ்ஸில் நெரிசல் என்றேன். அவள் வீட்டுக்குப் போய்வந்த நாட்களில் என் வீட்டுச் சுவர்ச் சுவிட்சுகள்கூட அழுக்காகத் தெரியும். அவளுடைய லிஃப்டின் மேல் பொறாமை. குளிர்சாதனப் பெட்டிக்குள் தேசிக்காய்களுக்கென்று அவள் தனியாக ஒரு கிண்ணம் வைத்திருப்பதன் மேல் பொறாமை. கடற்காற்றில் துருவேறிய அவள் வீட்டு யன்னல் கம்பிகளின் மேலும்தான். துருகூட அங்கே கொஞ்சம் நல்ல நிறம்.

வீட்டையோ கடலையோ அவளிடம் நான் கேட்கவில்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒரு வசனம். "அண்டைக்கு எனக்கு விழுந்தது அதிர்ஷ்டம், அக்கா." முப்பத்து மூன்று வருடத்தில் அவள் அதைச் சொன்னதில்லை. சனம் கேட்டால் "கஷ்டப்பட்டுப் படிச்சனான்" என்பாள். அதில் பொய்யில்லை. விளக்கு அணைந்த பிறகும் அவள் வாய்க்குள் சூத்திரம் முணுமுணுப்பதைப் பக்கத்துப் பாயில் கிடந்து கேட்டவள் நான். ஆனால் கஷ்டப்பட எனக்கும் தெரியும். நான் கஷ்டப்படுவதற்கு ஒரு சீட்டு விழவில்லை.

நான் படிப்பிக்கும் பாடத்துக்கு நீளமான பெயர்: தலைமுறைகளுக்கிடையிலான வருமான நகர்வு. சுருக்கிச் சொன்னால், தகப்பன் எந்தப் படியில் நின்றார், பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்பதுதான். புத்தகத்தில் வாசித்தால் பிள்ளைகளுக்கு நித்திரை வரும் என்று ஒரு விரிதாள் செய்து வைத்திருக்கிறேன். இருநூறு நிரைகள், நிரைக்கு ஒரு குடும்பம். முதல் நிரலில் குடும்பத்தின் இலக்கம். இரண்டாவதில் தகப்பனின் படி, ஒன்றிலிருந்து நூறுக்குள். மூன்றாவதில் அதிலிருந்து பிள்ளைக்குக் கடந்துபோகும் பங்கு. நான்காவது நிரல் எழுமாறு, அதாவது அதிர்ஷ்டம்; கணினி தானாக ஓர் எண்ணைப் போடும், கூடவோ குறையவோ, காரணம் கேட்கக் கூடாது. ஐந்தாவதில் பிள்ளை வந்து நிற்கும். பங்கைப் பூச்சியமாக்கினால் பிள்ளைகள் நாலா பக்கமும் சிதறுவார்கள். கூட்டிக்கொண்டே போனால் ஒவ்வொரு பிள்ளையும் தகப்பனின் கதிரையில் போய்க் குந்தும். எஃப் ஒன்பது விசையை அமத்தினால் எழுமாறு எல்லாம் புதிதாக விழும், இருநூறு பிள்ளைகளுக்கும் இன்னொரு வாழ்க்கை. நாற்பது விரல்கள் ஒன்றாக அமத்தும் சத்தம், தகரக் கூரையில் முதல் தூறல்.

அந்த ஷீட்டை முதன்முதல் செய்த பின்னேரம் என் வீட்டில் தனியே இருந்தேன். விளையாட்டாகப் பன்னிரண்டாம் நிரையை எனக்கு வைத்தேன், பதின்மூன்றாம் நிரையைத் தங்கச்சிக்கு. இரண்டிலும் அப்பாவின் படியைத் தட்டினேன். கலங்களில் சின்ன மஞ்சள் குறிப்பு ஒட்டினேன்: அக்கா, தங்கச்சி. எஃப் ஒன்பதை அமத்தினேன். அவள் மேலே. அமத்தினேன். அவள் மேலே. மூன்றாம் தரமும் அவளே. இயந்திரத்துக்கு எங்களைத் தெரியாது என்று தெரியும், தெரிந்தும் கன்னம் சுட்டது. என் நிரையின் எழுமாற்றை அழித்து, கையால் முப்பது என்று எழுதினேன். அவளுடையதில் கழித்தல் இருபத்தைந்து. அதன் பிறகு எத்தனை தரம் அமத்தினாலும் நான்தான் மேலே. தூயதாக ஒரு பிரதி எடுத்து மாணவருக்கு வைத்துக்கொண்டேன். மற்றது எனக்கு. சில பின்னேரங்களில் அதைத் திறந்து, இரண்டு மூன்று தரம் அமத்திப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போவேன்.

இந்த வருடம் தங்கச்சியின் மகள் என் வகுப்புக்கு வந்து சேர்ந்தாள். வீட்டில் பெரியம்மா, வகுப்பில் மிஸ். முன்வரிசை. தாயின் கண் அப்படியே: ஒரு தாளைப் பார்த்தால் அதிலுள்ள பிழை தானாக எழும்பி அந்தக் கண்ணுக்குள் போய் விழும். அவள் கையைத் தூக்கிக் கேள்வி கேட்கும்போதெல்லாம் எனக்குப் பெருமை வந்து, பின்னாலேயே, இவள் எனக்குப் பிறந்திருக்கலாமே என்று மற்றதும் வரும்.

அந்த வெள்ளிக்கிழமை, சாம்பிராணிப் புகை இன்னும் கலையாத நேரம், எல்லாருக்கும் ஷீட்டை அனுப்பினேன். அனுப்பியது என்னுடைய பிரதியை.

"மிஸ், என்ட ஷீட்ல ரெண்டு லைன் செத்துப் போச்சு" என்றான், மாளிகாவத்தையிலிருந்து வரும் பொடியன். வகுப்பின் பகிடிக்காரன் அவன்தான். "எஃப் ஒன்பது அமத்தி அமத்தி விரலும் நோகுது. பன்னெண்டும் பதிமூணும் அசையுதில்ல."

"இங்கயும் அப்பிடித்தான் மிஸ்" என்றாள் முகத்துவாரத்திலிருந்து வரும் பிள்ளை. "எல்லாரும் ஏறி இறங்குறாங்க, இந்த ரெண்டு பேரும் மாமியார் வீட்டு மாப்பிள்ளை மாதிரி சும்மா இருக்கிறாங்க."

எந்தப் பிரதியை அனுப்பிவிட்டேன் என்று அப்போதுதான் விளங்கியது. அதற்குள் பொடியன் சுட்டியைக் கலத்தின் மேல் கொண்டுபோய்விட்டான்.

"மஞ்சள் நோட் ஒண்டு வருது மிஸ். அக்காவாம். மத்தது தங்கச்சியாம். அக்காக்கு லக் பிளஸ் முப்பது, தங்கச்சிக்கு மைனஸ் இருவத்தஞ்சு. யாரு மிஸ் இந்த அக்கா? ஆள் பெரிய களவாணி போல!"

வகுப்பு வெடித்துச் சிரித்தது. முன்வரிசையில் ஒரு முகம் மட்டும் சிரிக்கவில்லை. அந்த முகம் திரையைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது, பிறகு மரியாதையாகத் திரைக்கே திரும்பிப் போனது.

"அது ஒரு பரிசோதனை" என்றேன். "எழுமாற்றை ஆராவது கையால பூட்டி வைச்சால் என்ன நடக்கும் எண்டு பாக்கிறதுக்கு."

"என்ன நடக்கும் மிஸ்?"

"பூட்டின ஆளுக்கு மட்டும் சந்தோசமா இருக்கும்."

இரண்டு பேர் அதைக் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

பின்னேரம் தங்கச்சியின் அழைப்பு வந்தது. "நாளைக்கு மத்தியானம் சாப்பிட வா. உன்ர லப்டொப்பையும் கொண்டு வா."

"ஏன்?"

"வா எண்டுறன்."

சனிக்கிழமை பஸ்ஸில் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரை ஒரே கணக்குத்தான் போட்டுக்கொண்டு வந்தேன். அவள் அழுவாளா, சிரிப்பாளா? சிரித்தால்தான் தாங்க முடியாது. மகளுக்கு முன்னால் சிரித்தால் அதைவிட. பஸ்ஸிலிருந்து இறங்கிய இடத்தில், தயிர்ச்சட்டியோடு ஒழுங்கை முகப்பில் அவளே நின்றாள். அந்த நேரம் பார்த்து ஒரு புடைவைக்கடைக்குள்ளிருந்து என் பழைய மாணவி ஒருத்தி "மிஸ்!" என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடி வந்து, என் கையைப் பிடித்து, தான் இப்போது எங்கே வேலை செய்கிறாள் என்றெல்லாம் சொல்லிவிட்டுப் போனாள். தங்கச்சி தயிர்ச்சட்டியை இடுப்பில் மாற்றி வைத்தாள்.

"உனக்கென்ன. காலி வீதியில ராணி. நான் இருவது வருசம் இங்க இருக்கிறன், தயிர்க்காரனுக்குக்கூட நான் வெறும் 'நோனா', ஆரோ ஒரு மேடம்."

இறால் பொரியல், கத்தரிக்காய்ப் பால்கறி. மேசையில் மூன்று பேர். மகள் கையைக் கழுவிவிட்டுத் தன் அறைக்குள் போனாள். கதவு முழுதாகச் சாத்தப்படவில்லை. தங்கச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மகளின் பிரதியைத் திறந்து, திரையை என் பக்கம் திருப்பினாள். இதுதான் அவளுடைய தொழில். மற்றவர்களின் தாள்களைத் திறந்து அவர்கள் எங்கே நடுங்கினார்கள் என்று கண்டுபிடிப்பது.

"லக்கைப் பூட்டினது கிடக்கட்டும்" என்றாள். "அதைப் பாத்துச் சிரிச்சனான். உண்மையா. இதைப் பார். ரெண்டாம் நிரல்."

பார்த்தேன். விளங்கவில்லை.

"உன்ர நிரையில அப்பா முப்பத்தெட்டாம் படி. என்ர நிரையில அப்பா அறுபத்தொண்டு." கண்ணாடியைக் கழற்றினாள். "உன்ர அப்பாவும் என்ர அப்பாவும் ரெண்டு ஆக்களா, அக்கா?"

கீழே ரயில் ஒன்று போனது.

"அது வந்து... என்ர நிரையில போட்டது அவர் பில் எழுதின காலத்துப் படி. உன்ர நிரையில நீ சோதினை எல்லாம் முடிச்ச வருசம். அப்ப அவர் கடைக்கு மனேஜர்தானே."

"சீட்டுப் போட்ட அண்டைக்கு ரெண்டு பேருக்கும் ஒரே அப்பாதான். ஒரே சேட்டு. பொக்கற்றில அந்த நீலக் கறை."

"ஒரு வருசத்தை மட்டும் வைச்சுத் தகப்பனை அளக்கக் கூடாது எண்டு மிஸ்தானே படிப்பிச்சவா!" என்று அறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"நீ படி!" என்றோம் இருவரும் ஒன்றாக.

தங்கச்சி குரலைத் தாழ்த்தினாள். "அப்பாவைக் கீழ இறக்கி வைச்சா நீ ஏறினது கூடத் தெரியும். அதுதானே?"

எழுமாற்றைப் பூட்டியபோது எனக்குத் தெரியும், நான் கள்ளம் செய்கிறேன் என்று. இது தெரியாது. இது விரல் தன்பாட்டில் செய்தது. காபன் தாளின் நீலம் ஏறிய பெருவிரலோடு இரவுச் சோற்றுக்கு வந்து குந்தும் அந்த மனிதரை இருபத்து மூன்று படி கீழே இறக்கி நிற்கவைத்து, அவர் தோளில் கால் வைத்து ஏறி, தங்கச்சியை எட்டிப் பார்த்திருக்கிறேன். அதையும் எத்தனை பின்னேரங்கள், தேத்தண்ணிக்கு முன்னால்.

கண் கலங்கியது. அவள் அதைப் பார்க்காத மாதிரித் தயிர்க் கரண்டியை நக்கினாள்.

"நீ மட்டும்தான் எட்டிப் பாக்கிறாய் எண்டு நினைக்காத" என்றாள். "நீ கம்பஸ் போனாய். நான் போகேல்ல. அது போகட்டும். இவள் ஒவ்வொரு நாளும் வீட்ட வந்து மிஸ் இப்பிடிச் சொன்னவா, மிஸ் அப்பிடிக் கேட்டவா. என்னட்ட ஒரு கேள்வி கேட்டு எத்தினை வருசம். நான் என்ன, சாப்பாட்டுக் கோப்பை வைக்கிற ஆளா?"

அவளுக்கு என் மேல் பொறாமை. கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் இனித்தது. அந்த இனிப்பை இங்கே மறைத்து எழுதினால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். மறு நிமிடமே அதன் மேலும் பொறாமை வந்தது. நான் பூட்டு, மஞ்சள் குறிப்பு, இரண்டு பிரதி என்று ஒளித்துத் திரிந்ததை இவள் ஒரு கரண்டித் தயிரோடு சொல்லிவிட்டாளே.

"சரி, உன்ரயைத் திற" என்றாள். "மாத்துவம். அப்பாவை எத்தினையில வைக்கிறது?"

என் லப்டொப்பைத் திறந்தேன். அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலம் நாங்கள் அப்பாவுக்காகச் சண்டை பிடித்தோம். நான் ஐம்பது என்றேன். அவள் ஒப்பவில்லை, குத்துமதிப்பு அவளுக்கு ஆகாது. பழைய உறை ஒன்றின் பின்பக்கத்தில் அவருடைய வருடங்களை வரிசையாக எழுதினாள். கடையில் துணி மடித்துக்கொடுத்த காலம். பில் எழுதிய நீண்ட காலம். மனேஜர் கதிரையில் இருந்த கொஞ்ச வருடங்கள். கடை மூடிய பிறகு வீட்டில் பத்திரிகையை இரண்டு தரம் வாசித்த கடைசிக் காலம். "அந்தக் காலத்தையும் சேக்கிறதா?" என்றேன். "அப்ப அவர் அப்பா இல்லையா?" என்றாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு படி போட்டு, கூட்டிப் பிரித்தாள். நாற்பத்தேழு வந்தது. பன்னிரண்டாம் நிரையில் நாற்பத்தேழு எழுதினேன். பதின்மூன்றாம் நிரையிலும் அதையே. அப்பா முதல் தடவையாக ஒரே உயரத்தில் நின்றார்.

பிறகு முப்பதையும் கழித்தல் இருபத்தைந்தையும் அழித்து, எழுமாற்றை அதன் இடத்துக்குத் திரும்பக் கொண்டுவந்தேன். தங்கச்சி எட்டி எஃப் ஒன்பதை அமத்தினாள்.

"இது எனக்கு."

நான் அமத்தினேன். "இது எனக்கு."

"இதுவும் உனக்கு. கள்ளி, பூட்டைக் கழட்டினியா இல்லையா?"

"கழட்டிட்டன், பார்."

"சரி. இந்தா, இது எனக்கு. ஐயோ, ரெண்டு பேரும் கீழ!"

தாயம் உருட்டுகிறவர்கள் மாதிரித் தலையோடு தலை முட்டிக்கொண்டு இருந்தோம். மகள் வாசலில் வந்து நின்று, இரண்டு கிழவிகளுக்கும் என்ன பிடித்தது என்று பார்த்துவிட்டுப் போனாள். ஒன்று விழும், ஒன்று எழும்பும், காரணம் கிடையாது. ஒவ்வொரு தரமும் நான் மேலே வந்தபோது நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளியது. அவள் மேலே வந்தபோது பழைய இடத்தில் பழைய நோவு. அது போகவில்லை. போய்விட்டது என்று எழுத ஆசைதான்.

வெயில் தாழ்ந்தது. லப்டொப்பைப் பைக்குள் வைத்தேன். மிச்ச இறாலை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்து, லிஃப்ட் வரைக்கும் வந்தாள். லிஃப்ட் வந்தது, நான் உள்ளே போனேன். கதவு மூடப் பார்க்க, அவள் கையை நீட்டித் தடுத்தாள். கதவு திறந்தது, மூடப் பார்த்தது, தடுத்தாள், திறந்தது. என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்டைக்கு நீ எடுத்தாய்" என்றாள். "நான் எடுத்திருந்தா உன்ர பேர் வந்திருக்கலாம்."

"வந்திருக்கலாம்" என்றேன்.

"வந்திருக்கலாம்தான், அக்கா." கையை எடுத்தாள். "போய்ச் சேர்ந்ததும் கோல் பண்ணு."